தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை

டெங்கு பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு வாக்கியம் தவறாமல் வந்து விழும். "சாக்கடையை அள்ளவே மாட்டேங்கறாங்க, கொசு வராம என்ன பண்ணும்?" என்பது ஒன்று. "புகை அடிச்சு எத்தனை மாசம் ஆச்சு?" என்பது இன்னொன்று. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இதுதான், புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இதுதான். இரண்டிலும் இருப்பது நியாயமான கோபம், ஆனால் இரண்டும் டெங்குவின் பக்கத்தில்கூடப் போவதில்லை. மூன்றாவதாக ஒரு வாக்கியம் உண்டு. என்னை விடாமல் அரிப்பது அதுதான்: "நேத்துதான் டிரம்மைக் கவுத்து ஊத்தனேன், எங்க வீட்ல எப்படிப் புழு வரும்?" இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கவிழ்த்து ஊற்றியிருப்பார். அடுத்த முறை டார்ச் அடித்துப் பார்க்கும்போது டிரம்மில் நிஜமாகவே புழு இருக்கும்.

இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாகின்றன? டெங்கு கொசு தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரம் காயாத சுவரில் இடுகிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்குள் பெரும்பாலான முட்டைகள் இருக்கும். இட்டவுடன் வெள்ளையாக இருப்பவை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மிளகுத்தூள் ஒட்டியதுபோல, அழுக்குக் கோடுபோல டிரம்மைச் சுற்றி நிற்கும். பார்த்தவர்கள் பாசி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் ஈரத்தில் இருந்து கரு முற்றிவிட்டால் போதும். அதன்பிறகு காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறி நனைத்த அன்றே பொரியத் தொடங்கும். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது: எல்லா முட்டையும் முதல் நனைப்பிலேயே பொரிவதில்லை. கொஞ்சம் இப்போது, கொஞ்சம் அடுத்த முறை, மிச்சம் அதற்கும் அடுத்த முறை என்று தவணை முறையில் பொரியும்.

இப்போது அந்த டிரம்மைப் பாருங்கள். திங்கட்கிழமை விளிம்புவரை பிடித்த தண்ணீர் புதன்கிழமை பாதியாகிவிடுகிறது. பாதி உயரத்தில் கொசு முட்டையிட்டுப் போகிறது. வெள்ளிக்கிழமை அடித் தண்ணீரைக் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீரால் அலசி, டிரம்மைக் கவிழ்த்து வெயிலில் வைக்கிறார்கள். முட்டை பசைபோலச் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அலசலில் போகாது, வெயிலில் சாகாது. சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வருகிறது, டிரம் நிரம்புகிறது, சுவர் முழுக்க நனைகிறது. கொசுப் பண்ணைக்கு நாற்றுவிட்டுத் தண்ணீரும் பாய்ச்சியாகிவிட்டது.

யானைக்கால் விட்டுச் சென்ற நினைவு

கொசு என்றதும் நம் ஊர்க்காரர்களின் கை ஏன் சாக்கடையை நோக்கி நீள்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. புதுச்சேரி யானைக்கால் நோய் பார்த்த ஊர். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் பெருகும். 1975-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கொசு ஆராய்ச்சி நிலையம், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரம் முழுக்க யானைக்கால் கொசுவை ஒடுக்கும் திட்டத்தை நடத்தியது. அப்போது எதிரி சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும்தான் இருந்தது. ஊருக்குப் பதிந்த பாடமும் அதுவே: சாக்கடை சுத்தமானால் கொசு போகும். பாடம் சரிதான், கொசுதான் மாறிவிட்டது. இரவில் கடிக்கும் கொசு வேறு, பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வேறு. ஏடிஸ் கேட்பது தெளிந்த தண்ணீர், நிழல், பக்கத்திலேயே ஆள். அந்த மூன்றும் சாக்கடையில் இல்லை, நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கின்றன.

அதனால்தான் தெருவில் வரிவரியாகப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. சாக்கடை ஓரத்தில் விழுந்த வெள்ளைப் பொடி டெங்கு கொசுவை ஒன்றும் செய்யாது. போட்டோவுக்கு மட்டும் நன்றாக இருக்கும். குடிநீரில் கலக்கும் குளோரினும் அப்படித்தான். கிருமிக்குப் போதுமான அளவு புழுவுக்குப் போதாது.

டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமும்

வீட்டுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளரிடம் இருப்பது ஒரு டார்ச், தண்ணீர் மொள்ள ஒரு மக், அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து பாட்டில், ஒரு நோட்டு. பெரும்பாலும் தினக்கூலிப் பெண்கள். "அக்கா, டிரம்முல கொஞ்சம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்." "அதான் போன வாரம் பாத்தியேம்மா, ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கிட்டுப் போ." இந்த உரையாடலுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். டிரம்மைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் இரண்டு நிமிடம் ஆகும்.

டெங்கு புழு வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் பயப்படும். டிரம்மைத் தட்டினாலோ, மூடியை வெடுக்கென்று திறந்து டார்ச் அடித்தாலோ பாம்புபோல வளைந்து வளைந்து அடிக்குப் போய்விடும். மேலே பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். மூடியை மெல்ல எடுத்து, நம் நிழல் தண்ணீரில் விழாமல் நின்று, முதல் பார்வையிலேயே மேல்மட்டத்தைக் கவனிக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் அசையாமல் ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். புழு மூச்சு வாங்க மேலே வந்தே ஆகவேண்டும். வால்நுனியில் இருக்கும் குட்டையான குழலை மேல்மட்டத்தில் ஒட்டிவைத்துத் தலைகீழாகத் தொங்கும். மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் சந்தேகமே இருக்காது. கிண்ணத்தில் காற்புள்ளி வடிவத்தில், தலை பெருத்துச் சுருண்டதாக ஏதாவது துள்ளினால் அது கூட்டுப்புழு. அது தீனி தின்னாது. ஏறக்குறைய இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். புழுவைப் பார்த்தால் இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம், கூட்டுப்புழுவைப் பார்த்தால் இன்றே கொட்ட வேண்டும். அபேட் புழுவைத்தான் கொல்லும், கூட்டுப்புழுவிடம் அந்த அளவுக்கு எடுபடாது. முட்டையிடம் எடுபடவே எடுபடாது.

புழு அடிக்கு ஓடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. டிரம்மிலிருந்து மேலாக மொண்டு மொண்டு செலவழிப்பவர்கள் புழுவைத் தொடுவதே இல்லை. கடைசி நாலு சொம்புத் தண்ணீரில் அத்தனையும் ஒன்றாகத் திரண்டிருக்கும். அந்த நாலு சொம்பை வீணாக்க மனசு வராமல் அதன்மேலேயே புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. தண்ணீருக்காக இரவு கண் விழிப்பவரிடம் 'கொட்டு' என்று சொல்வது சுலபமில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போய், குழாயையும் லாரியையும் நம்பி வாழ்கிறார்கள். அங்கே டிரம் ஆடம்பரமில்லை. அவர்களிடம் சேமிக்காதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. அடித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் செடிக்கோ கழிப்பறைக்கோ ஊற்றிவிட்டு, சுவரைத் தேய்த்துவிட்டுப் பிடி என்று சொல்லலாம்.

தேய்ப்பதுதான் முக்கியம். பிளாஸ்டிக் டிரம்முக்குத் தேங்காய் நாரோ துணி பிரஷ்ஷோ போதும். கம்பி நார் கூடாது, அது கீறல் போடும். சொரசொரப்பான சுவர்தான் இந்தக் கொசுவுக்குப் பிடிக்கும். பூச்சு உதிர்ந்த சிமெண்ட் தொட்டியில் அதிகம் கிடைப்பதற்கும் அதுவே காரணம். மேல் விளிம்பிலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றித் தேய்த்து, அலசிய தண்ணீரை மண் தரையில் ஊற்ற வேண்டும். பக்கத்து வாளியில் ஊற்றினால் முட்டைக்கு வீடு மாற்றிக் கொடுத்ததாகிவிடும். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸில் ஒரு வழக்கத்தைப் பரப்பினார்கள்: துணி துவைக்கும் தொட்டியின் சுவரில் பிளீச்சையும் சோப்புத்தூளையும் குழைத்துப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுவது. பிளீச் முட்டையின் ஓட்டைக் கெடுக்கும். நம் சிமெண்ட் தொட்டிகளுக்கு அப்படியே பொருந்தும். பிளீச்சைக் கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

வாராவாரம் தவறாமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தால் தேய்க்காமலே தப்பிக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப்படி முடியும். முட்டை பொரிந்ததிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகிறது, ஏழாவது நாளுக்குள் கொட்டினால் புழுவோடு போய்விடும். ஆனால் நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு சாவு என்று ஒரு வாரம் தவறினால் போதும், சுவரில் காத்திருக்கும் முட்டைகள் அந்த ஒரு வாரத்தைப் பிடித்துக்கொள்ளும். தேய்த்தவர் வீட்டில் அந்தச் சேமிப்பு இல்லை.

மூடி பற்றி ஒரு வார்த்தை. பழைய புடவைத் துணியை டிரம்மின் மேல் போட்டுவிட்டால் மூடியதாக நினைக்கிறோம். நாலு நாளில் துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடும், துணியே ஈரச் சுவராகிவிடும். கொசு அதிலேயே முட்டையிடும். துணியை விளிம்பில் இழுத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினால்தான் மூடி. மாடித் தொட்டியில் மூடி உடையாமல் இருந்தாலும் வழிநீர்க் குழாயின் வாய் திறந்தே இருக்கும். அதில் ஒரு துண்டு கொசுவலை கட்ட ஐந்து ரூபாய்கூட ஆகாது. பிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசரை ஒட்டி ஒரு தட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், இருட்டு, யாரும் கை வைக்காத இடம்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

நூறு வீடு பார்க்கிறார்கள் என்று வையுங்கள். ஆறு வீட்டில் புழு. அப்படியானால் வீட்டுக் குறியீடு 6. அந்த நூறு வீட்டிலும் தண்ணீர் உள்ள பாத்திரங்கள் 600, புழு இருந்தவை 9 என்றால் கலன் குறியீடு 1.5. நூறு வீட்டுக்கு 9 கலன் என்பதால் பிரெட்டோ குறியீடு 9. வீட்டுக் குறியீடு 1-க்கும் பிரெட்டோ 5-க்கும் கீழே இருந்தால் அபாயம் குறைவு, வீட்டுக் குறியீடு 10-க்கோ பிரெட்டோ 50-க்கோ மேலே போனால் அபாயம் அதிகம் என்று கையேடுகள் சொல்கின்றன.

என் சந்தேகம் இங்கேதான். நாலு புழு நெளியும் கொட்டாங்கச்சியும், எண்பது கூட்டுப்புழு துள்ளும் 200 லிட்டர் டிரம்மும் இந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று. தெருவின் கொசுவில் பெரும்பகுதியைப் பெற்றுத் தருவது ஒரு சில கலன்கள்தான். அவை எவை என்று தெரியாமல் பிரெட்டோ 9 என்று எழுதி என்ன பயன்? நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு, கூட்டுப்புழு எத்தனை, எந்த மாதிரிக் கலனில் என்று எழுதினாலே அடுத்த வாரம் எந்த வீட்டை முதலில் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பூட்டிய வீடு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? வருவதே இல்லை. புதுச்சேரியில் பிரான்ஸில் இருப்பவர்களின் வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். வார இறுதிக்கு மட்டும் திறக்கும் வீடுகள் வேறு. உள்ளே கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர், மொட்டைமாடியில் பூந்தொட்டித் தட்டு, முற்றத்தில் கிணறு. இந்தக் கொசு வழக்கமாக நூறு மீட்டர் சுற்றுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். பூட்டிய ஒரு வீடு சுற்றியுள்ள இருபது வீட்டுக்குப் போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்று எதிர்வீட்டில் கேட்டு எழுதிவைப்பதும் கண்காணிப்புதான். ஊருக்குப் போகிறவர்கள் கழிப்பறைக் கோப்பையை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

வீடுவீடாகப் போகாமல் தெருவின் நிலவரம் தெரிய முட்டைப்பொறி வைக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் கொள்ளும் டப்பாவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, முக்கால் உயரத்தில் வழிந்தோட ஓர் ஓட்டை போட்டு, மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். வைக்கோல் ஊறிய தண்ணீர் கொஞ்சம் கலந்தால் கொசு விரும்பி வரும். உள்ளே சொரசொரப்பான அட்டையோ காடாத் துணிப் பட்டையோ பாதி நனையும்படி வைத்து, நிழலில் தரையோடு வைத்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் பட்டையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் முட்டையை எண்ணலாம். ஏழு நாளுக்கு மேல் மறந்துவிட்டால் பொறியே பண்ணையாகிவிடும். வைத்த இடத்தையும் எடுக்க வேண்டிய தேதியையும் டப்பாவின் மேலேயே எழுத வேண்டும்.

ஒரு வார அவகாசம்

ஒரு வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று உறுதியாகிறது. காய்ச்சல் வந்து ஐந்து நாளுக்குள் என்றால் ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, அதற்குப் பிறகு என்றால் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். எப்படிப் பார்த்தாலும் தகவல் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது காய்ச்சலுக்கு ஐந்தாறு நாளாகியிருக்கும். அதற்குள் அவரைக் கடித்த கொசுக்களின் உடலில் வைரஸ் வளரத் தொடங்கியிருக்கும். ஆனால் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். காய்ச்சலின் முதல் நாள் கடித்த கொசுவைக் கணக்கில் வைத்தாலும், தகவல் வந்த நாளிலிருந்து இரண்டு நாளோ ஒரு வாரமோ கையில் இருக்கிறது. அதற்குள் அந்த வீட்டின் வளர்ந்த கொசுக்களைக் கொன்றாக வேண்டும். தெருவில் வண்டி கட்டிப் புகை விடுவதால் அது நடக்காது. டீசலில் மாலத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த புகை பறக்கும் கொசுவின்மேல் பட்டால்தான் கொல்லும். இந்தக் கொசு கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாமே ஜன்னலைச் சாத்தி அதைக் காப்பாற்றுகிறோம். வண்டி வருவதோ பல ஊர்களில் இருட்டியபிறகு. டெங்கு கொசு சுறுசுறுப்பாகத் திரிவது காலையிலும் பொழுது சாயும் முன்னரும்.

அங்கே தேவை வீட்டுக்குள் அடிக்கும் பைரித்ரம் என்ற பூச்சிமருந்து. ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு மண்ணெண்ணெய் கலந்து, அடுப்பை அணைத்து, சாப்பாட்டை மூடி, நோயாளியின் வீட்டிலும் சுற்றியுள்ள ஐம்பது வீட்டிலும் அடிக்க வேண்டும். கூட்டுப்புழுவாக இருந்தவை அதன்பிறகு பறக்கும் என்பதால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது சுற்றுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுப்பது இதையெல்லாம்விட மலிவு, ஆனால் யாரும் சொல்வதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எழுந்து நடமாடும் அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்றுவலியோ, விடாத வாந்தியோ, ஈறில் ரத்தமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அபேட் விஷயத்தில் அளவுதான் சண்டை. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது வரம்பு. 200 லிட்டர் டிரம்முக்கு 200 மில்லிகிராம், அதாவது 50 சதவீத மருந்தில் 0.4 மில்லி, சுமார் எட்டுச் சொட்டு. அதையும் பணியாளர் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவார். கண்ணளவில் கூடுதலாக ஊற்றினால் வாடை அடிக்கும், அவர் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுக்காரர் டிரம்மைக் கொட்டிவிடுவார். தினமும் மொண்டு தினமும் நிரப்பும் டிரம்மில் மருந்து நீர்த்துப்போய்க்கொண்டே இருக்கும்.

கடற்கரைக் குப்பங்களுக்கு வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகின் ஓரத்தில் தொங்கும் டயர், கவிழ்க்காத ஐஸ் பெட்டி, கரையேற்றிய பைபர் படகின் குழி எல்லாவற்றிலும் ஒரு கோடை மழை போதும். உப்புத் தண்ணீராச்சே என்று இருந்துவிடக் கூடாது. லேசாக உப்புக் கலந்த தண்ணீரிலும் இந்தப் புழு வளர்வதை யாழ்ப்பாணத்தில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். படகைச் சற்றுச் சாய்த்துவைத்து அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது.

புயல் ஆண்டுகளில் ஏமாற்று வேலை ஒன்று நடக்கும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல் என்று இரண்டுமே இந்தக் கரையைத்தான் அடித்தன. வெள்ளம் வந்த முதல் வாரம் புழுவெல்லாம் அடித்துக்கொண்டு போய், கொசு குறைந்த மாதிரி இருக்கும். நிவாரணமாகக் கிடைத்த தார்ப்பாயின் மடிப்பு, விழுந்த தென்னையடியில் சிதறிய கொட்டாங்கச்சி, ஒதுங்கிய டப்பா என்று இரண்டாவது வாரத்திலிருந்து கணக்கு ஏறும். மருத்துவ முகாம்கள் அதற்குள் கிளம்பியிருக்கும்.

புதுச்சேரி ஆராய்ச்சி நிலையம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. அந்தக் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. அருமையான வேலை. அது தெருவுக்கு வரும்வரை நமக்கு வாய்த்தது தேங்காய் நார்தான்.

அதை எப்போது எடுப்பது என்பதில்தான் நம் காலண்டர் உதவியும் செய்கிறது, கெடுத்தும் வைக்கிறது. பழையதைத் தூக்கி எறியும் போகி ஜனவரி நடுவில் வருகிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை முடிந்து, டெங்கு தன் வேலையைப் பார்த்திருக்கும். ஆயுத பூசையோ ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால், மாடியில் காய்ந்து கிடக்கும் டிரம்மின் சுவரில் கோடைகாலத்து முட்டை இன்னும் உயிரோடு இருக்கும்போது வருகிறது. அன்றைக்கு பைக்கைக் கழுவுகிறோம், தையல் மிஷினைத் துடைக்கிறோம், கதவு நிலைக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைக்கிறோம். பின்கட்டு டிரம்மை மட்டும் யாரும் வரிசைக்கு இழுத்து வருவதில்லை.